சுற்று கூடினால் காந்தம் குறையும்

கிணற்று மோட்டார் எரிந்து வைண்டிங் கடைக்கு வரும்போது, கொண்டுவருகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "ஏனுங்க, இந்தத் தடவை நாலு டேர்ன் சேத்திப் போட்டுருங்க. தண்ணி நல்லாத் தள்ளோணும்." கம்பியைக் கூடச் சுற்றினால் காந்தம் வலுக்கும், காந்தம் வலுத்தால் மோட்டார் இழுக்கும் என்பது அவர் கணக்கு. பள்ளிக்கூடத்தில் ஆணியில் கம்பி சுற்றிக் குண்டூசி தூக்கிப் பார்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். பழுத்த வைண்டர் மறுப்பார். "சேத்துனா மோட்டாரு சோந்து போயிருமுங்க" என்பார்.

அவர் சொல்வதுதான் சரி. மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டாரில் சுற்று கூடினால் காந்தம் குறைகிறது. மோட்டார் வடிவமைப்பில் இதைவிட அடிப்படையான உண்மை இல்லை என்பது என் எண்ணம். இதைப் பிடித்துக்கொண்டால் கம்பியின் கேஜ், காயிலின் பிட்ச், ஸ்லாட்டின் அளவு எல்லாம் ஒன்றையடுத்து ஒன்றாக விளங்கிவிடும்.

ஆணிச் சோதனை பொய்யில்லை. மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் 1820இல் கண்டார். ஐந்தாண்டு கழித்து இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன், குதிரை லாட வடிவில் வளைத்த இரும்பின் மேல் வார்னிஷ் பூசி, வெறும் செம்புக் கம்பியை 18 சுற்று சுற்றி, முதல் மின்காந்தத்தைக் காட்டினார். 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. அவர் காப்பிட்டது இரும்புக்குத்தான், கம்பிக்கு இல்லை. அதனால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆல்பனியில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி இதைத் தலைகீழாக்கினார். கம்பிக்கே பட்டுநூல் சுற்றிக் காப்பிட்டார். அப்போதுதான் சுற்றுமேல் சுற்றாக, அடுக்குமேல் அடுக்காக நெருக்கிச் சுற்ற முடிந்தது. 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. இன்று எந்த மோட்டாரைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது ஹென்றியின் யோசனைதான். பட்டுக்குப் பதில் இனாமல் வந்திருக்கிறது.

எடை தூக்கிய சாதனையைவிட ஹென்றி கண்ட இன்னொன்று நமக்கு முக்கியம். ஒற்றை மின்கலம் இருந்தால், நீளமான ஒரே கம்பியைவிடக் குட்டையான பல காயில்களைப் பக்க இணைப்பில் தருவதே நல்ல காந்தத்தைக் கொடுத்தது. பல கலங்களைத் தொடராகக் கோத்த மின்கல அடுக்கென்றால் நீளமான ஒரே கம்பி நன்றாக வேலை செய்தது. அதாவது, காயிலை மட்டும் தனியாக வடிவமைக்க முடியாது. அதற்கு எந்த மின்சாரம் வரப்போகிறதோ அதற்கேற்பத்தான் சுற்ற வேண்டும். வைண்டிங் கலையின் முதல் விதி இது.

ஆணிச் சோதனையையே சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஒரே கேஜ் கம்பியில் சுற்றுகளை இரட்டிப்பாக்கினால் நீளமும் இரட்டிக்கிறது, தடையும் இரட்டிக்கிறது. வோல்ட் மாறாமலிருந்தால் மின்னோட்டம் பாதியாகும். சுற்று இரு மடங்கு, ஆம்பியர் பாதி: பெருக்கிப் பார்த்தால் காந்தம் உயரவே இல்லை. வகுப்பறையில் உயர்ந்ததற்குக் காரணம், அங்கே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது ஆணிமேல் சுற்றிய கம்பி இல்லை, மின்கலத்தின் உட்தடை. ஆக, நேர்மின்னோட்டத்திலேயே 'சுற்று கூடினால் காந்தம் கூடும்' என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. மாறுமின்னோட்டத்தில் அது அப்படியே கவிழ்ந்துவிடுகிறது.

காரணம் ஃபாரடே 1831இல் கண்டறிந்த தூண்டல். காயிலின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறினால் அந்தக் காயிலில் வோல்ட் பிறக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபாய்கிறது. காயில் உண்டாக்கும் காந்தமும் கூடவே அலைபாய்கிறது. அந்தக் காந்தமே திரும்பிவந்து, காயிலுக்குள் வரும் மின்சாரத்தை எதிர்த்து நிற்கும் ஒரு வோல்ட்டை உண்டாக்குகிறது. இந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் மோட்டார் தாங்காது. ஐந்து எச்.பி. மோட்டாரில் ஒரு ஃபேஸின் கம்பியை நீட்டினால் ஏறக்குறைய 200 மீட்டர் வரும்; அதன் தடை நாலரை ஓம் அளவு. 415 வோல்ட்டை அதன்மேல் வைத்தால் ஓம் விதிப்படி 90 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் முழுப் பாரத்தில் அந்த ஃபேஸில் ஓடுவது நாலு ஆம்பியருக்குச் சற்று மேல். மீதியைத் தடுத்து நிறுத்துவது செம்பின் தடை இல்லை, காந்தத்தின் எதிர்ப்பு.

அப்படியானால் காந்தம் எவ்வளவு இருக்கும்? எதிர்வோல்ட் வந்த வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் அளவுக்கு இருக்கும். அதற்குமேலும் இல்லை, கீழுமில்லை. கணக்கு இப்படி: ஒரு ஃபேஸின் வோல்ட் என்பது 4.44, அதிர்வெண், சுற்றுகள், ஒரு துருவத்தின் காந்தப் பாயம், வைண்டிங் காரணி என்ற ஐந்தின் பெருக்கல். நம் ஊரில் அதிர்வெண் 50. ஆகவே 4.44ஐ 50ஆல் பெருக்கி 222 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 222ஐ நினைவில் வையுங்கள், அத்தியாயம் நெடுக வரும்.

வோல்ட்டை மின்வாரியம் தீர்மானிக்கிறது. 222 மாறாது. மிச்சம் இருப்பது சுற்றுகளும் பாயமும். இரண்டின் பெருக்கல் மாறக் கூடாது என்றால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கத்தான் வேண்டும். சுற்றுகள் கூடிய காயில், அதே எதிர்வோல்ட்டைக் குறைந்த காந்தத்திலேயே உண்டாக்கிவிடுகிறது. அதற்குமேல் மின்னோட்டத்தை உள்ளே விடுவதில்லை. சுற்று பத்து சதவீதம் கூடினால் பாயம் ஒன்பது சதவீதம் குறையும். மோட்டாரின் உச்ச முறுக்குவிசை சுற்றுகளின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போவதால் அது 17 சதவீதம் விழும். நாலு டேர்ன் சேர்த்துக் கேட்டவர் வீட்டுக்கு எடுத்துப்போவது இந்த மாதிரியான ஓர் இழப்பை.

அப்படியென்றால் சுற்றைக் குறைத்துவிடலாமே? குறைக்கலாம், இரும்பு சம்மதிக்கும் வரை. ஓர் உண்மையான அளவை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 5 எச்.பி., 415 வோல்ட், மூன்று ஃபேஸ், நாலு துருவம், கம்பியை இறக்கும் 36 ஸ்லாட். ஸ்டேட்டரின், அதாவது சுழலாமல் நிற்கும் வெளிவளையத்தின், உள்விட்டம் 105 மி.மீ., இரும்பு அடுக்கின் நீளம் 120 மி.மீ. என்று கொள்வோம். உள்வட்டத்தின் சுற்றளவை நாலு துருவத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 82 மி.மீ. வருகிறது. நீளத்தோடு பெருக்கினால் ஒரு துருவத்தின் முகம் 0.0099 சதுர மீட்டர். ஸ்டேட்டருக்கும் உள்ளே சுழலும் ரோட்டருக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளி மூன்று நான்கு தாள் கனம்தான், 0.35 மி.மீ. அளவு. அந்த இடைவெளியில் காந்தச் செறிவு சராசரி 0.48 டெஸ்லா, உச்சத்தில் 0.75 டெஸ்லா என்பது இந்த அளவு மோட்டாருக்கு நல்ல மதிப்பு. ஒரு துருவத்தின் பாயம் 0.00475 வெபர்.

415இல் ஒரு பங்கு கம்பித் தடையிலும் கசிவிலும் போய்விடும். 400ஐ எதிர்வோல்ட்டாக எடுப்போம். வைண்டிங் காரணி 0.945, அது எங்கிருந்து வந்தது என்று பிறகு பார்ப்போம். 400ஐ 222, 0.00475, 0.945 ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் ஒரு ஃபேஸுக்கு 401 சுற்று. ஒரு ஃபேஸுக்கு 12 காயில். ஒரு காயிலுக்கு 33.4 வருகிறது. கால் சுற்று, அரைச் சுற்றெல்லாம் சுற்ற முடியாது. 34 என்று வைக்கிறோம். மொத்தம் 408.

ஏன் 34, ஏன் 30 இல்லை? காற்றிடைவெளியின் 0.75 டெஸ்லா அப்படியே ஸ்டேட்டரின் பற்களுக்குள் போகிறது. வட்டத்தில் பாதியை ஸ்லாட்டுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மீதிப் பாதிதான் பல். ஆகவே பல்லுக்குள் செறிவு இரட்டித்து 1.5 டெஸ்லா ஆகிறது. சிலிக்கான் எஃகுத் தகடு 1.6, 1.7 வரை ஓரளவு எளிதாகக் காந்தத்தை ஏற்கும். அதற்குமேல் தெவிட்டல்: இன்னும் கொஞ்சம் காந்தம் வேண்டுமானாலும் மின்னோட்டத்தைக் கொட்ட வேண்டும். சுற்றைப் பத்து சதவீதம் குறைத்தால் பல் 1.67க்குப் போகிறது. இருபது சதவீதம் குறைத்தால் 1.88. அப்போது மோட்டார் பாரமே இல்லாமல் வெறுமனே சுழலும்போதும் நிறைய ஆம்பியர் இழுக்கும், உறுமும், சுடும். ஆகக் கீழெல்லையை இரும்பு போடுகிறது, மேலெல்லையை முறுக்குவிசை போடுகிறது. நடுவில் கிடைக்கும் இடம் மிகக் குறுகலானது.

கிராமப்புற மின்தொடரின் கடைசியில் இருக்கும் கிணறுகளில் இந்தக் குறுகல் அன்றாடப் பிரச்சினை. 415 இருக்க வேண்டிய இடத்தில் 350 வந்தால் முறுக்குவிசை 71 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்காகவே குறை வோல்ட்டுக்கென்று சுற்றிய பம்புசெட் மோட்டார்கள் விற்கின்றன. அவற்றில் சுற்று குறைவு. 350இலும் காந்தம் போதிய அளவு நிற்கும். பின்னிரவில் பாரமெல்லாம் ஓய்ந்து வோல்ட் 440க்கு ஏறும்போது அதே மோட்டாரின் பற்கள் தெவிட்டும். இதைத் தாங்க வேண்டுமானால் இரும்பை அதிகம் போட்டு, ஸ்டேட்டரை நீளமாக்க வேண்டும். அப்படிச் செய்த மோட்டார் விலை கூடத்தான் இருக்கும். விலை கூடாமல் எல்லா வோல்ட்டிலும் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 222 என்ற எண்ணோடு பேரம் பேச முடியாது.

இதுவரை காந்தம் எவ்வளவு என்று பார்த்தோம். அது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது இன்னும் அழகான கேள்வி.

காந்தப் புலத்தைச் சுழல வைக்கலாம் என்ற எண்ணம் டூரினில் கலிலியோ ஃபெராரிசுக்கு 1885இல் வந்தது. அவர் அதை 1888இல் வெளியிட்டார். அதே ஆண்டு மே மாதம் நிகோலா டெஸ்லாவுக்கு அமெரிக்காவில் காப்புரிமைகள் கிடைத்தன. இரண்டு தொகுதிக் காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, அவற்றில் கால் சுழற்சி முன்பின்னாக மின்னோட்டம் செலுத்தினால் புலம் சுழலும். பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி 1889இல் இதை மூன்று ஃபேஸாக்கினார். மூன்று தொகுதி, ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து 120 பாகை தள்ளி. மின்னோட்டமும் காலத்தில் 120 பாகை தள்ளி. 1891இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தொலைவிலிருந்த லாஃபென் நீர்மின் நிலையத்திலிருந்து மூன்று ஃபேஸ் மின்சாரம் வந்தது. அங்கே அது ஓட்டிக் காட்டியது ஒரு பம்ப் மோட்டாரை. செயற்கை அருவி ஒன்றுக்கு நீரேற்றினார்கள்.

மூன்று ஃபேஸும் சேர்ந்து உண்டாக்கும் புலம் சீராகச் சுழல வேண்டுமானால், ஒவ்வொரு ஃபேஸின் புலமும் வட்டத்தைச் சுற்றி மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். சைன் அலை மாதிரி. ஒரு ஃபேஸின் கம்பி முழுவதையும் ஒரே ஸ்லாட்டில் அடைத்தால் என்ன ஆகும்? புலம் ஸ்லாட்டுக்கு இப்பக்கம் முழு வடக்கு, அப்பக்கம் முழு தெற்கு என்று செங்குத்தாகத் தாவும். அந்தச் சதுர அலைக்குள் நாம் விரும்பும் சைன் அலை இருக்கிறது. அதோடு அழையா விருந்தாளிகளும் இருக்கிறார்கள். ஐந்து மடங்கு நெருக்கமான ஐந்தாம் அலை, 20 சதவீத வீச்சில். ஏழாம் அலை, 14 சதவீதத்தில். மூன்றாம் அலையை மூன்று ஃபேஸ்களும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு நீக்கிவிடுகின்றன. ஐந்தும் ஏழும் நிற்கும். ஐந்தாம் அலை எதிர்த்திசையில் சுழன்று ரோட்டருக்குத் தடை போடுகிறது. ஏழாம் அலை சரியான திசையில், ஆனால் ஏழில் ஒரு பங்கு வேகத்தில் சுழல்கிறது. நிமிடத்துக்கு 1500 சுழலும் மோட்டாரில் அது 214. மோசமாக வடிவமைத்த மோட்டார் சில நேரம் கிளம்பி, இந்த 214ஐ எட்டியதும் அதற்குமேல் ஏறாமல் முக்கிக்கொண்டே தவழும்.

இவற்றை விரட்ட மின்னணுச் சாதனம் எதுவும் வேண்டாம். கம்பியை எந்த ஸ்லாட்டில் போடுகிறோம் என்பதே போதும்.

முதல் வழி, பரப்பி வைப்பது. 36 ஸ்லாட்டை நாலு துருவம், மூன்று ஃபேஸ் என்று பிரித்தால் ஒரு துருவத்தில் ஒரு ஃபேஸுக்கு மூன்று ஸ்லாட். கம்பியை இந்த மூன்றிலும் பங்கிடுகிறோம். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளுக்கு நடுவே மின்கோணம் 20 பாகை. தேர்வடத்தை எல்லாரும் ஒரே நேர்கோட்டில் இழுக்காமல், சிலர் சற்று இடமாகவும் சிலர் சற்று வலமாகவும் இழுத்தால் மொத்த இழுவை கொஞ்சம் குறையுமல்லவா? அதுபோல மூன்று ஸ்லாட்டின் வோல்ட்டும் முழுசாகக் கூடாமல் 0.96 பங்குதான் கூடும். நாலு சதவீதம் நஷ்டம். ஆனால் ஐந்தாம் அலைக்கு அதே 20 பாகை 100 பாகையாக விரிகிறது. மூன்றும் ஒன்றையொன்று அழிக்கும் அளவுக்குத் திசைமாறி இழுக்கின்றன. அதனால் ஐந்தாம் அலை 20 சதவீதத்திலிருந்து நாலரைக்கு வீழ்கிறது. ஏழாம் அலை 14இலிருந்து 2.6க்கு.

இரண்டாம் வழி, பிட்சைக் குறைப்பது. ஒரு துருவத்தின் அகலம் ஒன்பது ஸ்லாட். காயிலின் ஒரு பக்கம் முதல் ஸ்லாட்டில் இருந்தால் மறுபக்கம் பத்தாம் ஸ்லாட்டில் விழுந்தால்தான் முழு பிட்ச். அதை ஒன்பதாம் ஸ்லாட்டிலேயே போட்டுவிட்டால் 0.985 பங்கு வோல்ட் கிடைக்கும். முன்பு சொன்ன 0.945 இப்படி வந்ததுதான்: 0.96ஐ 0.985ஆல் பெருக்கியது. இந்த ஒன்றரை சதவீத நஷ்டத்துக்குக் கைம்மாறாக ஏழாம் அலை 0.9க்கும் ஐந்தாம் அலை மூன்றுக்கும் இறங்குகின்றன. எட்டாம் ஸ்லாட்டில் போட்டால் ஐந்தாம் அலை ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் ஏழாம் அலை இரண்டுக்கு மேல் ஏறும், முதன்மை அலையிலும் ஆறு சதவீதம் போகும். இரண்டையும் ஒருசேர ஒழிக்க முடியாது. எந்த அலை அதிகத் தொல்லை என்று வடிவமைப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். "ஒண்ணுக்கு ஒம்பது" என்று வைண்டர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் எண்ணுக்குள் இந்தத் தேர்வு அடங்கியிருக்கிறது. பிட்ச் குறைவதால் காயிலின் தலைப்பகுதியும் குட்டையாகிறது. வெளியே நீட்டிக்கொண்டு எந்த வேலையும் செய்யாமல் சூடாகும் செம்பு மிச்சமாகிறது.

வடிவமைப்பவர் தன் வோல்ட்டில் ஒரு பங்கைத் தெரிந்தே விட்டுக்கொடுத்துச் சீரான சுழற்சியை வாங்குகிறார். ஆறாயிரம் சுற்றானாலும் அறுபது சுற்றானாலும் இந்தக் கணக்கு மாறாது. சுற்றும் இடமும்தான் மாறும். மனிதர் கண்ட வடிவியல் உத்திகளில் இதைச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைப்பேன்.

இனிக் கம்பி. முழுப் பாரத்தில் இந்த மோட்டார் ஏழரை ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு ஃபேஸும் இரண்டு வரிக்கு நேர் குறுக்கே நிற்கும் டெல்டா இணைப்பில் அது ஃபேஸுக்கு 4.3 ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஐந்தரை ஆம்பியர் என்று எடுத்தால் 0.79 சதுர மி.மீ. வேண்டும். 19 கேஜ் கம்பி கிட்டத்தட்ட இதற்குச் சரி. ஆனால் ஒரு மி.மீ. தடிமனுள்ள கம்பி விறைப்பாக இருக்கும், தலைப்பகுதியில் வளைந்து படியாது. ஆகவே 22 கேஜில் இரண்டு இழை சேர்த்துச் சுற்றுவார்கள். பரப்பு அதேதான், கைக்கு இணங்கும். அப்படியானால் ஒரு ஸ்லாட்டில் இரண்டு காயில் பக்கம், ஒவ்வொன்றிலும் 34 சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு இழை: 136 கம்பி. இவ்வளவும் மூன்று மில்லிமீட்டர் வாயுள்ள ஸ்லாட்டுக்குள் போக வேண்டும்.

போகிற விதத்தைக் கடையில் நின்று பார்க்க வேண்டும். முதலில் ஸ்லாட்டுக்குள் லெதராய்டு என்ற காப்புத் தாளை மடித்து, இரு முனையிலும் காலர் மாதிரி மடக்கி இறக்குகிறார் வைண்டர். ஃபார்மா என்ற அச்சில் சுற்றி நூல் கட்டிய காயிலை எடுத்து, ஒரு பக்கத்தின் கட்டைத் தளர்த்தி, கம்பிகளைத் தட்டையாக விரல்களுக்கிடையே பரப்புகிறார். நாலைந்து கம்பியாக வாய் வழியே வழித்துவிடுகிறார். கட்டைவிரல் தள்ளுகிறது, மற்ற விரல்கள் எதிர்முனையிலிருந்து இழுக்கின்றன. இரும்பின் விளிம்பு இனாமலைக் கீறக் கூடாது என்பதற்காக வாயில் தாளின் ஓரத்தை நீட்டி வைத்திருக்கிறார். கீழ்ப்பக்கம் நிரம்பியதும் நடுவில் ஒரு தாள், அதன்மேல் இன்னொரு காயிலின் பக்கம். கடைசியில் தாளை மடக்கி, மூங்கில் சிம்பைச் செருகி வாயை அடைக்கிறார். ஸ்லாட்டின் பரப்பில் செம்பு மட்டும் எடுத்துக்கொள்ளும் பங்கு நாற்பது சதவீதம் அளவு. மீதி இனாமல், தாள், உருண்டைக் கம்பிகளுக்கு நடுவே உள்ள காற்று. வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர்த்தும்போது அந்தக் காற்றின் இடத்தில் வார்னிஷ் புகுகிறது. கம்பி அசையாமல் இறுகுகிறது, வெப்பம் இரும்புக்குப் போக வழி கிடைக்கிறது.

காப்பு எங்கே எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஓர் எளிய கணக்குண்டு. 408 சுற்றில் 415 வோல்ட் என்றால் சுற்றுக்கு ஒரு வோல்ட். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இனாமலே ஏராளம். ஒரே காயிலின் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அருகருகே கிடந்தாலும் 34 வோல்ட்தான். ஆனால் தலைப்பகுதியில் ஒரு ஃபேஸின் காயில் மற்றொரு ஃபேஸின் காயிலை உரசும் இடத்தில் முழு 415 வோல்ட் நிற்கிறது. அங்கே ஃபேஸ் பேப்பர் வைக்க மறந்த மோட்டார் நீண்ட நாள் வாழாது. இனாமல் கீறி இரண்டு சுற்று தொட்டுவிட்டால், ஒரு வோல்ட்தானே என்று தோன்றலாம். அந்தத் தனிச் சுற்றின் தடை ஓமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே தன் அளவுக்குப் பல மடங்கு மின்னோட்டம் அதற்குள்ளேயே வட்டமடித்து, பக்கத்துக் கம்பியையும் உருக்கும்.

காப்பின் ஆயுளை வெப்பம் தின்கிறது. ஏ வகை 105 பாகை செல்சியஸ், பி வகை 130, எஃப் வகை 155, எச் வகை 180 என்று எல்லைகள் உண்டு. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் 1930 வாக்கிலிருந்து கைக்கொள்ளும் தோராய விதி. சூடான செம்பின் தடையும் கூடுகிறது, பாகைக்கு 0.39 சதவீதம். சூடு தடையைக் கூட்டும். தடை சூட்டைக் கூட்டும்.

கோவைப் பகுதியில் மோட்டார்த் தொழில் வேர்விட்டதற்குக் கிணறும் மின்சாரமும் காரணம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் தயாரித்தார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க மோட்டாரும் ஆழ்துளைக்குள் இறங்க வேண்டியதாயிற்று. அங்கே விட்டம் நம் கையில் இல்லை: நாலு அங்குலமோ ஆறு அங்குலமோ, துளை எவ்வளவோ அதற்குள். முறுக்குவிசை விட்டத்தின் வர்க்கத்தையும் நீளத்தையும் பொறுத்தது. விட்டம் சுருங்கினால் நீளம் ஏற வேண்டும். சப்மெர்சிபிள் மோட்டார் கரும்புபோல் ஒல்லியாக நெடுக இருப்பது இதனால்தான். உள்ளே தண்ணீர் நிரப்பி ஓடும் வகையில் இனாமல் கம்பி உதவாது. பிவிசி உறை போட்ட கம்பி வேண்டும். உறை தடிமனானது, ஆகவே ஸ்லாட்டில் செம்பின் பங்கு இன்னும் சுருங்குகிறது. பிவிசி 70 பாகைக்கு மேல் தாங்காது, ஆனால் சுற்றிலும் தண்ணீர் நின்று குளிர்விக்கிறது. ஃபார்மாவில் காயில் கட்டி இறக்கும் வேலையும் இங்கே நடக்காது. ஸ்லாட்டின் ஒரு முனையில் கம்பியை நுழைத்து, மறுமுனையில் இழுத்து, திருப்பி அடுத்த ஸ்லாட்டில் கோத்து, ஒவ்வொரு சுற்றாகக் கையால் தைக்கிறார்கள். நடுவில் கம்பி பற்றாமல் போனால் ஒட்டுப்போடுவது ஆபத்து. அந்த ஒட்டு தண்ணீருக்குள் கிடக்கப்போகிறது.

எரிந்த ஸ்டேட்டரைப் பார்த்தே எப்படி எரிந்தது என்று சொல்லிவிடலாம். நாலு துருவ மோட்டாரில் ஒரு ஃபேஸின் காயில் கொத்துகள் வட்டத்தைச் சுற்றி நாலு இடத்தில் வரும். டெல்டா இணைப்பில், மூன்று வரியில் ஒன்று அறுந்துபோனால், மிச்சமிரண்டு வரிக்கும் நேர் குறுக்கே இருக்கும் ஃபேஸ் ஒன்றுதான் பெரும்பாரத்தைச் சுமக்கும். தலைப்பகுதியில் நாலு கொத்து கரியாகவும் நடுவே எட்டுக் கொத்து வார்னிஷ் மினுக்கோடும் இருக்கும். ஸ்டார் இணைப்பென்றால் இதற்கு நேர்மாறு: எட்டுக் கொத்து கரி, நாலு கொத்து புதுசு மாதிரி. வட்டம் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அளவுக்கு மீறிய பாரம் அல்லது குறை வோல்ட். ஒரே ஒரு காயில் மட்டும் வெடித்து உருகியிருந்தால் சுற்றோடு சுற்று தொட்டிருக்கிறது. கம்பியை வெட்டி எறியும் முன் இதைப் பார்த்துச் சொல்கிற வைண்டர், அடுத்த எரிப்பைத் தடுக்கிறார். எரிந்த காரணம் ஸ்டார்ட்டரின் ஃப்யூஸில் இருக்கும்போது மோட்டாரை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை.

பழைய செம்பை உருவ ஸ்டேட்டரைத் திறந்த நெருப்பில் போட்டு எரிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வார்னிஷ் சாம்பலாகிக் கம்பி எளிதாக வந்துவிடும். ஆனால் ஸ்டேட்டர் ஒரே இரும்புக் கட்டி இல்லை. அரை மி.மீ. தகடுகளை அடுக்கியது, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய காப்புப் பூச்சு. நெருப்பு அதையும் தின்றால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடும். பிறகு எவ்வளவு சரியாகச் சுற்றினாலும் மோட்டார் சுடும். குற்றம் வைண்டிங்கின் தலையில் விழும்.

செம்பை உருவியபின் வெறும் இரும்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கனமான கேபிளை ஸ்டேட்டரின் உள்ளே நுழைத்து வெளியே சுற்றிப் பத்துச் சுற்று போட வேண்டும். பற்களுக்குப் பின்னால் உள்ள இரும்பு வளையத்தின் குறுக்குப் பரப்பு நம் மோட்டாரில் 0.0023 சதுர மீட்டர் அளவு. அதில் 1.3 டெஸ்லா ஏற வேண்டுமானால் பாயம் 0.003 வெபர். 222ஆல் பெருக்கினால் சுற்றுக்கு 0.66 வோல்ட், பத்துச் சுற்றுக்கு ஆறரை வோல்ட் கொடுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும். கால் மணி நேரம் விட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பற்களின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கலாம். முழுவதும் ஒரே இளஞ்சூடாக இருந்தால் இரும்பு நன்று. ஓரிடம் மட்டும் விரல் வைக்க முடியாமல் கொதித்தால் அங்கே தகடுகள் ஒட்டிவிட்டன. அவற்றைப் பிரித்து மறுபடி காப்பிடாமல் அந்த ஸ்டேட்டருக்குள் நாலு கிலோ புதுச் செம்பை இறக்கக் கூடாது.